மேடைக்கு முன்னால் ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் வெளியான ஒரு கடிதத்தைப் படித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். கலைந்துபோன ராக் இசைக்குழுக்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒன்றுகூடி மேடையேறுவது கல்லாப்பெட்டியை நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடே தவிர வேறொன்றுமில்லை என்றும், டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் தங்கள் இளமையைத் தேடிப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். அதே வாரத்தில்தான், 2019 ஜூன் 10ஆம் தேதி திங்கட்கிழமை இரவு, லண்டனின் பிரிக்ஸ்டன் அகாடமி அரங்கில் பிகினி கில் என்ற பங்க் ராக் (வேகமும் ஆவேசமும் கொண்ட ராக் இசை வகை) குழுவின் நிகழ்ச்சிக்குப் போய் வந்திருந்தேன். கால் நூற்றாண்டாகக் கேட்டுவரும் குழு; அன்றுவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்திராத குழு. நான் ஏமாந்து திரும்பவில்லை என்பதையும், அது ஏன் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

அவர் எழுதியதில் உண்மையே இல்லை என்று வாதாட வரவில்லை. 1978 ஜனவரியில், அமெரிக்கப் பயணத்தின் முடிவில் உடைந்துபோன செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இங்கிலாந்துப் பங்க் குழுவினர் 1996இல் திரும்பி வந்தபோது, அந்தச் சுற்றுப்பயணத்துக்கே அழுக்குப் பணம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, காசுக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று மறைக்காமல் சொன்னார்கள். வாசகர் அந்த எடுத்துக்காட்டைக் கொடுத்தது சரிதான். ஆனால் அந்த ஒரு சோற்றைப் பதம் பார்த்துவிட்டுப் பானை முழுவதையும் கவிழ்த்துவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிகினி கில் பற்றித் தமிழ் இதழ்களில் நான் அதிகம் படித்ததில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகராக இருந்தும் சிறிய ஊராகவே இருக்கும் ஒலிம்பியாவில் 1990இல் அந்தக் குழு உருவானது. கேத்லீன் ஹானா பாடினார். டோபி வேல் டிரம்ஸ் வாசித்தார். கேத்தி வில்காக்ஸ் பேஸ் கிட்டாரும், குழுவின் ஒரே ஆணான பில்லி கேரன் கிட்டாரும் வாசித்தார்கள். குழுவின் பெயரிலேயே ஒரு சிற்றிதழையும் நடத்தினார்கள். தட்டச்சு செய்தும், கையால் எழுதியும், படங்களை வெட்டி ஒட்டியும் தயாரித்த பக்கங்களை நகலெடுத்துக் கையிலேயே கொடுக்கும் இதழ் அது. நம்மிடையே கையெழுத்துப் பத்திரிகை நடத்திய தலைமுறையினருக்கு அந்த உழைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. 1991இல் அந்தச் சிற்றிதழின் இரண்டாம் இதழில் வந்த பிரகடனம், ரயட் கேர்ள் என்று பெயர் பெற்ற பெண்கள் பங்க் இயக்கத்தின் சாசனமாக இன்றும் படிக்கப்படுகிறது. அந்த இயக்கத்தின் சிற்றிதழ்களும் கடிதங்களும் நியூயார்க் பல்கலைக்கழக நூலகத்தில் தனித் தொகுப்பாகப் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே கேத்லீன் ஹானாவின் காகிதங்களும் இருக்கின்றன.

ஆனால் நான் எழுத வந்தது அவர்களின் மேடையைப் பற்றி, அதிலும் குறிப்பாக மேடைக்கு முன்னால் இருக்கும் அந்தப் பத்தடித் தரையைப் பற்றி. எண்பதுகளின் அமெரிக்கப் பங்க் நிகழ்ச்சிகளில் அந்த இடம் முழுக்க முழுக்க ஆண்களுடையதாக இருந்தது. ஒருவரையொருவர் இடித்தும் தள்ளியும் ஆடுவது அங்கே வழக்கம். அந்த நெரிசலில் நிற்க முடியாத பெண்கள் பின்சுவரை ஒட்டி, ஆண் நண்பர்கள் கழற்றிக் கொடுத்த கோட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றார்கள். கேத்லீன் ஹானா மேடையில் நின்றபடியே ஆண்களைப் பின்னால் போகச் சொல்லி, பெண்களை முன்னால் வரச் சொன்னார். நகலெடுத்த பாடல் வரிகளை அவர்கள் கையில் கொடுத்தார். பாட்டுக்கு நடுவே மைக்கைக் கீழே நீட்டி, தெருவிலும் வீட்டிலும் தங்களுக்கு நேர்ந்ததை அவர்களே சொல்ல வழி விட்டார். இதற்கு அவர் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. மேடையை நோக்கிப் பொருள்களை எறிந்தார்கள், கெட்ட வார்த்தைகளால் ஏசினார்கள், சில இரவுகளில் கைநீட்டவும் செய்தார்கள். இசைத்தட்டில் இவற்றுள் எதுவும் பதிவாவதில்லை. பாட்டு பதிவாகிறது; அந்தப் பாட்டு யாரை எங்கே நிற்க வைத்தது என்பது பதிவாவதில்லை. பதிவுகளை மட்டுமே கேட்டு வளர்ந்த எனக்கு ஒரு பெரிய பாதி தெரியாமலேயே இருந்தது.

அந்தப் பதிவுகள் எனக்கு எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1993 மார்ச்சில், உலக மகளிர் தினத்தையொட்டி, ஹக்கி பேர் என்ற இங்கிலாந்துக் குழுவோடு ஆளுக்கொரு பக்கமாக ஒரே இசைத்தட்டை வெளியிட்டு, இரண்டு குழுக்களும் சேர்ந்து பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தார்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. வகுப்பில் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த சிநேகிதியின் அக்கா லண்டன் நிகழ்ச்சிக்குப் போய்விட்டு, மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு பாடல் தாளோடு வீடு திரும்பினார். அடுத்த ஆண்டு, அறுபது நிமிட கேசட் ஒன்றில் அந்தக் குழுவின் இரண்டு இசைத்தட்டுகளைப் பதிந்து எனக்குக் கொடுத்தாள் என் சிநேகிதி. அட்டையில் நீல நிறப் பேனாவால் பாட்டுகளின் பெயர்களை எழுதியிருந்தாள். இடம் போதாமல் கடைசிப் பெயர்கள் எறும்பு வரிசைபோலச் சிறுத்திருந்தன. முதல் பக்கத்தின் முப்பது நிமிடம் முடிகிற இடத்தில் ரெபெல் கேர்ள் என்ற பாட்டு நடுவில் அறுந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் அதை முதலிலிருந்து பதியாமல் அதற்கடுத்த பாட்டிலிருந்து தொடங்கிவிட்டாள். எனவே அந்தக் குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டின் முடிவு எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. நாடா சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் பேனாவைச் செருகிச் சுற்றிச் சரிசெய்து, தேயும்வரை அதையே கேட்டேன். பிற்காலத்தில் குறுந்தகடு வாங்கி முழுப்பாட்டையும் கேட்ட பிறகும், அந்த இடம் வரும்போதெல்லாம் கேசட் பெட்டியின் பொத்தான் மேலெழும் டக்கென்ற ஓசையை என் காது எதிர்பார்க்கும்.

நான் நிகழ்ச்சிகளுக்குத் தனியாகப் போகும் வயது வந்தபோது குழு கலைந்துவிட்டது. 1997இல் டோக்கியோவில் கடைசியாக வாசித்தார்கள். அதன் பிறகு கேத்லீன் ஹானா வேறு குழுக்களில் பாடினார். 2005 வாக்கில் அதையும் நிறுத்திக்கொண்டார். உண்ணி கடிப்பதால் பரவும் லைம் நோய் அவரை நீண்ட காலம் முடக்கிப் போட்டிருந்தது என்பதும், அது நோய்தான் என்று கண்டறியவே பல ஆண்டுகள் ஆயின என்பதும் 2013இல் வந்த அவரைப் பற்றிய ஆவணப்படத்தின் மூலம்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்தது. இனி அந்தக் குரலை மேடையில் கேட்க வாய்ப்பில்லை என்றே எண்ணிக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 2008 செப்டம்பரில், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன் லண்டனின் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் மீண்டும் மேடையேறினார். எழுபதுகளில், பல்லில் மாட்டிய கம்பியோடு, யாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கவலையே இல்லாமல் பாடிய லண்டன் பெண் அவர். டிக்கெட் வாங்கும் வசதி எனக்கு இருந்தது; நேரமும் இருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 2011 ஏப்ரலில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவருக்கு வயது 53. தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழு மீண்டும் சேரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கும், 2002 டிசம்பரில் அதன் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் மரணச் செய்திதான் கிடைத்தது. ஒரு குழு மீண்டும் கூடுவதை ஏதோ நினைத்தபோது நடத்திக்கொள்ளும் கடைவிரிப்பு போல அந்த வாசகர் எழுதியிருந்ததைப் படித்தபோது, எனக்கு இந்த இருவரின் நினைவுதான் முதலில் வந்தது.

பிகினி கில் திரும்பி வந்த விதத்திலும் கடைவிரிப்பின் அவசரம் தெரியவில்லை. 2017இல், தங்களுக்கு முன்னோடிகளாக இருந்த தி ரெயின்கோட்ஸ் என்ற லண்டன் பெண்கள் குழுவைப் பற்றிய நூலின் வெளியீட்டையொட்டி நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. கேத்லீன், டோபி, கேத்தி மூவரும் அதில் சேர்ந்து ஒரே ஒரு பாட்டை வாசித்துவிட்டு இறங்கினார்கள். இருபது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு ஒரு பாட்டு, அதுவும் மூத்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாக. முறையான நிகழ்ச்சிகளுக்கான அறிவிப்பு 2019 ஜனவரியில்தான் வந்தது. ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்தபோது, தங்களுக்கு முன்பாக மேடையேற அவர்கள் அழைத்தவர்களில், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுமிகளின் தி லிண்டா லிண்டாஸ் என்ற குழுவும் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே இந்தப் பயணம் எதற்காக என்பது எனக்கு ஓரளவு விளங்கிவிட்டது.

கேசட் பதிந்து கொடுத்த அதே சிநேகிதியோடுதான் போனேன். டூட்டிங்கிலிருந்து நார்தர்ன் லைனில் ஏறி, ஸ்டாக்வெல்லில் மாறினால் அடுத்த நிலையம் பிரிக்ஸ்டன். ரயிலிலேயே எங்களைப் போன்றவர்கள் இருந்தார்கள். அலுவலக உடையை மாற்றிக்கொள்ள நேரமில்லாமல் வந்தவர்கள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த தாய்மார்கள், நரைத்த தலையில் பச்சைச் சாயம் பூசியிருந்த ஒருவர். பிரிக்ஸ்டன் அகாடமி 1929இல் திரையரங்காகக் கட்டப்பட்ட கட்டடம். மேடையைச் சுற்றி இத்தாலியத் தோட்டத்து மாளிகை போன்ற பிரம்மாண்டமான வளைவு எழும்பி நிற்கிறது. ஐயாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். அதன் தரை மேடையை நோக்கிச் சரிந்து இறங்குவதால், என்னைப் போல் ஐந்தடி உயரமுள்ளவர்களும் பின்னால் நின்று பார்க்க முடியும். அதனால் பாதிவழியிலேயே ஒரு தூணை ஒட்டி நின்றுகொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாற்பது வயதில் நெரிசலுக்குள் போய் இடிபட எனக்குத் துணிவில்லை.

விளக்குகள் அணைவதற்குச் சிறிது முன்னால் என் முன்னே நின்றிருந்த நெடிய உருவமுள்ள ஒருவர் திரும்பிப் பார்த்தார். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். ஒன்றும் பேசாமல், உடலைப் பக்கவாட்டில் திருப்பி வழிவிட்டு, முன்னால் போங்கள் என்று கையைக் காட்டினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படியே செய்தார். அதற்கு முன்னால் இருந்தவரும். இப்படி ஒருவர் பின் ஒருவராக வழி திறந்துகொண்டே போனது. மேடையிலிருந்து யாரும் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் சிநேகிதி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். நாங்கள் நின்றபோது மேடைக்கும் எங்களுக்கும் இடையே நான்கு வரிசைகள்தான் இருந்தன, அந்த நான்கிலும் பெண்கள். என் இடப்பக்கம் பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி காதில் வைக்கும் நுரை அடைப்பானை விரல்களுக்கிடையே உருட்டி உருட்டி மென்மையாக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு சோடி கொடுத்தாள்.

பிறகு அவர்கள் வந்தார்கள். கேத்லீன் ஹானாவுக்கு அப்போது ஐம்பது வயது. சிறுமியின் மழலையில் தொடங்கி, அதே மூச்சில் தொண்டை கிழியும் கூவலாக மாறி, கூவலின் உச்சியில் சட்டென்று பேச்சுக் குரலுக்கு இறங்கும் அந்தக் குரல், கேசட்டில் கேட்டதைவிட நேரில் கனமாக இருந்தது. வயதால் சற்றுத் தடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்; அது குறையாக எனக்குப் படவில்லை. பாட்டுகள் ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளாதவை. ஒன்று முடிந்து கைதட்டல் எழும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும். இடைவெளி கிடைத்தபோதெல்லாம் அவர் நின்று நிதானமாகப் பேசினார். சில பாட்டுகளுக்கு டோபி வேல் டிரம்ஸை விட்டு எழுந்து முன்னால் வந்து பாடினார். கேத்தி வில்காக்ஸின் பேஸ் கிட்டார் தரை வழியாக ஏறிக் கணுக்காலில் அதிர்ந்தது. அடைப்பான் வைத்த காதுக்கு எட்டாததெல்லாம் நெஞ்செலும்பில் கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ரெபெல் கேர்ள் வந்தபோது எனக்கு நேர்ந்ததை எழுதாமல் விட முடியாது. முதல் டிரம்ஸ் அடியிலேயே அரங்கம் முழுவதும் பாடத் தொடங்கிவிட்டது, நானும் பாடினேன். கேசட் அறுந்த அந்த இடம் வந்ததும், என்னையறியாமல் என் வாய் நின்றுவிட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் என் சிநேகிதியும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்ததும் அதே பதிவின் நகல்தான் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பாட்டைத் தொடர்ந்து பாடி முடித்தார்கள். இடப்பக்கத்துச் சிறுமி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் தவறாமல் கடைசிவரை பாடினாள். நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அந்த வாசகர் இதைத்தான் இளமையைத் தேடிப் போவது என்று சொல்வாரோ என்னவோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் இளமையில் நான் அந்த இடத்தில் நின்றதே இல்லை. இல்லாத ஒன்றைத் திரும்பத் தேட முடியாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், பெண்கள்மீது நடக்கும் வன்முறையைப் பற்றி ஆத்திரத்தோடு எழுதிய வரிகளை, அதையெல்லாம் கடந்து, நோயையும் கடந்து வந்த ஐம்பது வயதுப் பெண் பாடும்போது அதே வரிகள் வேறாகக் கேட்கின்றன. 2017 அக்டோபருக்குப் பிறகு உலகெங்கும் பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில், 1992இல் மைக்கைக் கீழே நீட்டிய அந்தச் செயல் என்னவாக இருந்தது என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அன்று அவர்களைக் கேலி செய்து எழுதிய பத்திரிகைகள் பல. அந்த இயக்கத்துப் பெண்கள் ஒரு கட்டத்தில் பத்திரிகைகளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

எல்லாம் பழையபடியே இருந்தது என்றும் சொல்லமாட்டேன். பில்லி கேரன் இந்த முறை சேரவில்லை. அவருடைய இடத்தில் எரிக்கா டான் லைல் கிட்டார் வாசித்தார். பழைய பதிவுகளுக்குப் பழகிய காதுக்கு முதல் சில பாட்டுகளில் வேறுபாடு தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மண்டபத்தின் அளவும் வேறு. ஐம்பது பேர், நூறு பேர் நின்ற அறைகளில் பிறந்த பாட்டுகளை ஐயாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் பாடும்போது, பாடல் தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க முடிவதில்லை. ஆனால் அன்று அங்கே யாருக்கும் தாள் தேவைப்படவில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கச்சேரிகளையும் திரையிசை நிகழ்ச்சிகளையும் பற்றித் தாங்கள் அக்கறையோடு வெளியிடும் செய்திகளை நான் விரும்பிப் படிக்கிறேன். இந்நகரத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் இதுபோன்ற இசையையும் கேட்கிறார்கள், சிலர் வாசிக்கவும் செய்கிறார்கள். அவர்களுள் ஒரு பெண்ணை அழைத்து, தான் போய்வந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றித் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். வணிகமா, ஏக்கமா என்ற விவாதத்தை அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொள்கிறோம். அந்த வாசகரும் விருப்பமிருந்தால் பிகினி கில் அடுத்த முறை வரும்போது வரட்டும். ஆண்களுக்கும் அங்கே இடமுண்டு, சற்றுப் பின்னால்.

1993இல் போய்வந்த அக்கா இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கிறார். வேலை காரணமாக அவரால் வர முடியவில்லை. மறுநாள் காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் அழைத்தார். என்னென்ன பாடினார்கள் என்றோ, எப்படிப் பாடினார்கள் என்றோ அவர் கேட்கவில்லை. முன்னால் இடம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டார். ஐந்தாவது வரிசை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
டூட்டிங், தெற்கு லண்டன்.